கூட வருபவர் எதுவரை வருவார்?

பேலியகொடை மீன் சந்தையில் நள்ளிரவு கடந்துதான் வேலை சூடுபிடிக்கும். நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த லொறிகள் பின்கதவைத் திறந்தபடி நிற்கும். நாட்டாமிமார் ரெஜிபோம் பெட்டிகளை இறக்கித் தள்ளுவண்டிகளில் அடுக்குவார்கள். 2011இல் புறக்கோட்டை சென். ஜோன்ஸ் சந்தை இங்கே இடம்மாறிய நாளிலிருந்து இதுதான் இந்த ஊரின் கடிகாரம். கூலி கைக்கு வரும்போது விடிந்திருக்கும். விரல் நுனிகள் பனிக்கட்டித் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். காலை எட்டு மணிக்கு அரச கிளினிக்குகள் திறக்கிற நேரத்தில்தான் ஒரு நாட்டாமி தலைசாய்க்க இடம் தேடுவார்.

அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, குடு எனப்படும் ஹெரோயினும் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒருவரை மனதில் நிறுத்திக்கொண்டே இதை எழுதுகிறேன். அவருக்கு வேண்டிய மருந்து இந்த நாட்டில் இலவசம். 2004 முதல் அரசு கொடுத்துவருகிறது. நாளுக்கு ஒரு மாத்திரையைத் தவறாமல் விழுங்கினால் இரத்தத்தில் வைரஸ் கருவிக்கே தென்படாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் அவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் மாத்திரை பிளாஸ்டிக் போத்தலில் வருகிறது. நடந்தால் குலுங்கும். ஐந்தாறு பேர் படுக்கும் ஓர் அறையில் அந்தச் சத்தத்துக்கு என்ன விளக்கம் சொல்வது? போத்தலை எறிந்துவிட்டு, மாத்திரைகளைப் பத்திரிகைத் தாளில் சுருட்டிக் காற்சட்டைப் பையில் செருகிக்கொள்வதுதான் வழி. மீன் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர் அந்தப் பையை எத்தனை நாள் நனைக்காமல் விடும்?

இந்தப் பைக்கும் அந்தக் கிளினிக்குக்கும் நடுவே ஒரு மனிதரை நிறுத்துவதைத்தான் மருத்துவ உலகம் கேஸ் மெனேஜ்மென்ட் என்கிறது. நமது பேச்சில் சொன்னால், கூட வருகிற ஆள். கிளினிக் நாளை நினைவுபடுத்துவார், பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போவார், தொலைந்த அடையாள அட்டைக்குக் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக் கொடுப்பார், காசநோய்ப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்பார், போதையை விட மனம் வந்த அன்று அதற்கான இடத்தைத் தேடிக் கொடுப்பார், ரிமாண்டில் போட்டால் மருந்து அறுந்துபோகாமல் பார்ப்பார். டொக்டர் நோயைப் பார்க்கிறார், பொலிஸ் போதையைப் பார்க்கிறது, வீடு அவமானத்தைப் பார்க்கிறது. முழு ஆளையும் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

கேட்க நன்றாக இருக்கிறது. கேட்க நன்றாக இருப்பதாலேயே இதைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நல்லெண்ணத்தோடு தொடங்கிய எத்தனையோ திட்டங்கள் பதிவேட்டில் சந்திப்புகளை எண்ணிக்கொண்டே மூன்று வருடம் ஓடி, வெளிநாட்டுப் பணம் நின்ற மாதத்தில் நின்றுபோனதைக் கொழும்பு பார்த்திருக்கிறது. ஆகவே கேள்வி இதுதான்: கூட ஒருவர் வந்தால் வைரஸ் இறங்குகிறதா? ஆள் உயிரோடு இருக்கிறாரா?

முதலில் பேர் வாங்கிய ஆய்வு அமெரிக்காவின் ஆர்டாஸ். அட்லாண்டா, பால்டிமோர், மயாமி, லொஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நான்கு நகரங்களில் நடந்து, 2005இல் முடிவு வெளியானது. தொற்று இருப்பதைப் புதிதாக அறிந்தவர்களோடு 90 நாட்களில் அதிகபட்சம் 5 சந்திப்புகள். ஆளின் குறையை அல்ல, அவரிடம் ஏற்கெனவே இருக்கும் பலத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவது அதன் முறை. ஆறு மாதத்துக்குள் ஒருமுறையேனும் எச்.ஐ.வி. டொக்டரைப் பார்த்தவர்கள் 78 சதவீதம். வெறும் துண்டுக் கடிதம் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் 60 சதவீதம். இதை வைத்தே உலகமெங்கும் கேஸ் மெனேஜர்களை நியமித்தார்கள். ஆனால் இந்த ஆய்வு எண்ணியது கிளினிக் வாசற்படியை மிதித்த கால்களை. உள்ளே போன பிறகு வைரஸுக்கு என்ன ஆனது என்பது அதன் கேள்வியே அல்ல.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டது 2016இல் வெளியான ஹோப் ஆய்வு. அமெரிக்காவின் 11 ஆஸ்பத்திரிகளில் கட்டிலில் கிடந்த, எச்.ஐ.வி.யும் போதைப் பழக்கமும் உள்ள 801 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் கூட வர ஆள்; இன்னொன்றுக்கு ஆளும் உண்டு, சொன்னதைச் செய்தால் பணமும் உண்டு; மூன்றாவதற்கு வழமையான கவனிப்பு. பன்னிரண்டாம் மாதத்தில் வைரஸ் அடங்கியிருந்தவர்கள்: கூட ஆள் வந்தவர்களில் 35.7 சதவீதம், ஆளும் பணமும் கிடைத்தவர்களில் 38.6, வழமையான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 34.1. புள்ளிவிவரக் கணக்கில் இவற்றுக்குள் வித்தியாசம் இல்லை. பணமும் கிடைத்த பிரிவு ஆறாம் மாதத்தில் முன்னுக்கு நின்றது. ஆளையும் பணத்தையும் விலக்கிக்கொண்ட பின் அந்த முன்னிலை கரைந்துபோனது.

இதோடு நிறுத்தினால் தீர்ப்பு எளிது: பலிக்கவில்லை, பணத்தை வேறு வழியில் செலவிடுங்கள். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018இல், லான்செட் இதழில் இன்னொரு முடிவு வந்தது. கீவ், ஜகார்த்தா, வியட்நாமின் தாய் நுயென் ஆகிய மூன்று இடங்களில், ஊசி வழியாகப் போதை ஏற்றும் எச்.ஐ.வி. உள்ள 502 பேரிடம் நடந்த எச்.பி.டி.என். 074 ஆய்வு. அங்கேயும் இதே வேலைதான்: கூட வர ஓர் ஆள், மனதைத் திறந்து பேச ஓர் ஆலோசகர், உடனடியாக மருந்து. ஓராண்டு முடிவில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 72 சதவீதம். மற்றப் பிரிவில் 43. வைரஸ் அடங்கியவர்கள் 41, மற்றதில் 24. போதைக்கான மாற்று மருந்து எடுத்தவர்கள் 41, மற்றதில் 25. இறந்தவர்கள் 7 சதவீதம். மற்றப் பிரிவில் 15. ஆய்வுக் காலத்தில் அவர்களுடைய ஊசிக் கூட்டாளிகளில் 7 பேருக்குப் புதிதாகத் தொற்றியது. ஏழு பேரும் வழமையான கவனிப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

மரணம் பாதியாகக் குறைந்திருக்கிறது. மருத்துவ ஆய்வில் இப்படி ஓர் எண்ணைப் பார்ப்பது அபூர்வம். மருந்து எடுத்ததாகச் சொன்னது அவரவர் வாய்மொழி என்று குறை சொல்லலாம்; மரணம் வாய்மொழி அல்ல.

ஒரே வேலை ஓரிடத்தில் ஒன்றுமில்லாமல் போய், இன்னோரிடத்தில் உயிரைக் காப்பாற்றியது எப்படி? இந்த விஷயத்தின் கரு இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஹோப் ஆய்வில் இருந்த பலர் பல வருடங்களாகத் தொற்றோடு இருந்தவர்கள்; மருந்தைத் தொடங்கி விட்டு, தொடங்கி விட்டுக் களைத்தவர்கள். அவர்களில் கொக்கெயினும் கிராக்கும் பாவித்தவர்கள் நிறைய. கொக்கெயினுக்கு மெத்தடோன் போல ஒரு மாற்று மருந்து கிடையாது. ஆகவே கூட வந்தவர் கைகாட்ட ஒரு கதவு இல்லை. கூட வந்த காலமும் ஆறே மாதம். ஆசிய, உக்ரைன் களங்களில் ஓப்பியப் போதை, அதற்கு மெத்தடோன் என்ற திறந்த கதவு, ஆறு மாதத்தோடு கைவிடாத துணை. வழமையான கவனிப்பு அங்கே மெலிந்திருந்ததால் கொஞ்சம் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரிந்தது. ஆக, கூட வருபவரின் பலம் அவரிடம் மட்டும் இல்லை. போய்ச் சேரும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதிலும், எத்தனை நாள் கூட வருகிறார் என்பதிலும் இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வென்ற பிரிவிலும் பத்தில் ஆறு பேருக்கு வைரஸ் அடங்கவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே சென்னையில் கிடைத்த ஒரு சிறிய சான்று, வருகை வேறு, வைரஸ் அடங்குவது வேறு என்பதை உறுதிசெய்கிறது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த டொக்டர் சுனிதி சொலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தில், போதைப் பழக்கமும் தொற்றும் உள்ள 120 பேரிடம் நடந்த ஆய்வு, 2014இல் வெளியானது. கிளினிக்குக்கு வந்தால், மருந்து தொடங்கினால், பொருள் வாங்கிக்கொள்ளக்கூடிய வவுச்சர். வவுச்சர் கிடைத்தவர்களில் 45 சதவீதம் மருந்து தொடங்கினார்கள், கிடைக்காதவர்களில் 25. வந்துபோனதும் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் வைரஸ் அடங்கியதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கால் வந்தது, வைரஸ் இறங்கவில்லை. ஆர்டாஸை நம்பி வேலைத்திட்டம் எழுதுபவர்கள் சென்னையின் இந்த முடிவை மேசையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

இந்தத் தராசை இனிப் பேலியகொடைக்குக் கொண்டுவருவோம்.

இங்கே குடுவைப் பெரும்பாலானோர் ஊசியில் ஏற்றுவதில்லை. வெள்ளித்தாளில் வைத்து அடியில் நெருப்புக் காட்டி, எழும் புகையை இழுக்கிறார்கள். ஊசி பாவிப்பவர்கள் நாடு முழுவதும் சுமார் 2,700 பேர் என்று 2018இல் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் மதிப்பிட்டது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தேசிய மதிப்பீடு ஹெரோயின் பாவிப்பவர்கள் 90 ஆயிரத்துக்கு மேல் என்றது. எனவே நம்முடைய நாட்டாமிக்குத் தொற்று வந்திருந்தால் அது ஊசியால் வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. உடலுறவு வழியாக வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். இது வெறும் தகவல் அல்ல. வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே இறக்கி, ஊசி மாற்றிக் கொடுப்பதிலிருந்து தொடங்கினால் இந்த ஊரில் பெரும்பாலானோரைப் பார்க்காமலே போய்விடுவோம். இங்கே கூட வருபவருக்கு ஆணோடு ஆண் கொள்ளும் உறவைப் பற்றியும், காசுக்கான உறவைப் பற்றியும் முகம் சுளிக்காமல் பேசத் தெரிய வேண்டும். ஆணோடு ஆண் கொள்ளும் உறவைக் குற்றமாக்கும் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. இப்போது ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமினும் ஊருக்குள் வந்துவிட்டது. அதற்கும் கொக்கெயினைப் போலவே மாற்று மருந்து இல்லை. ஆகவே ஹோப் ஆய்வின் தோல்வி நம்மைத் தொடாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"இத்தனை சிறிய கூட்டத்துக்கு இத்தனை செலவா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வயது வந்தவர்களில் தொற்று 0.1 சதவீதத்துக்கும் கீழே உள்ள நாடு இது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததாக 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் பெற்றுவிட்டோம். அந்த வெற்றியைச் சம்பாதித்தவர்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள், வீடு வீடாகப் போன மிட்வைஃப்மார். இலங்கைக்குத் தெரிந்த வேலை அது. ஆளைத் தேடிப் போய்ப் பார்ப்பது. அந்தப் பார்வை கர்ப்பிணித் தாயோடு நின்றுவிட்டது. ஆனால் 2022இல் புதிதாகப் பதிவான எச்.ஐ.வி. 600ஐத் தாண்டியது. பெரும்பாலோர் ஆண்கள்; இவர்களை எந்த மிட்வைஃபும் தேடிப் போவதில்லை.

அரசால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. 2020 ஒக்டோபரில் கொவிட் இதே மீன் சந்தையில் பரவியபோது, யார் யாரோடு நின்றார்கள், எந்த லொறி எந்த ஊருக்குப் போனது என்று சில நாட்களில் தேடிப் பிடித்தார்கள். பேலியகொடை கொத்தணி என்ற பெயர் அப்போது வந்தது.  தேடும் திறமை இருக்கிறது என்பது அதில் நல்ல பாடம். தேடி வந்தவர்களோடு இராணுவமும் பஸ்ஸும் வந்தன, ஊரே நோயின் பெயரால் அழைக்கப்பட்டது என்பது கெட்ட பாடம். எச்.ஐ.வி. உள்ளவரைத் தேடிப் போகிறவர் இந்த இரண்டாவது பாடத்தை மறந்தால், முடுக்குக்குள் ஒரு கோப்போடு அவர் நுழைந்த அன்றே அந்த வீட்டின் நிம்மதி போய்விடும்.

கிளினிக்குகளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் தாதிமாரும் வராமல் நின்றவர்களைத் தேடத்தான் செய்கிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை. ஆனால் விட்டுப்போனவரைத் தேடுவது வேறு, விட்டுப்போகாமல் கூட நிற்பது வேறு. மொழிப் பிரச்சினையும் இருக்கிறது. நான் ஒருமுறை வயதான உறவினர் ஒருவரை வேறொரு நோய்க்காக ஓர் அரச கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டதைப் புரியாமல் அவர் தலையாட்ட, அதே கேள்வியை வரிசை முழுவதும் கேட்கும்படி உரத்துக் கேட்டார்கள். அது நீரிழிவு. அதுவே எச்.ஐ.வி.யாக இருந்தால் அந்த மனிதர் மறுபடி அந்தப் படியை மிதித்திருக்க மாட்டார். பேலியகொடையிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனையிலும் தமிழில் மட்டுமே நோயைச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கூட வருபவர் அவர்கள் மொழியைப் பேசாவிட்டால் அவர் இன்னுமொரு கவுண்டர்தான்.

இனிப் பொலிஸ். என் தீர்ப்பு இதில்தான் தங்கியிருக்கிறது.

1984 முதல் இரண்டு கிராமுக்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை வரை விதிக்கச் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவரை நீதிமன்றம் கட்டாயப் புனர்வாழ்வுக்கு அனுப்ப வழி செய்தது. கந்தக்காடு புனர்வாழ்வு முகாம் அந்த வழியின் முடிவில் இருக்கிறது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் வேலி உடைத்து ஓடியதை நாடே பார்த்தது. புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தின் முதல் வடிவம் அரசியலமைப்புக்கு முரண் என்று அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் கண்டது. திருத்தி 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 17இல் யுக்திய என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியது. தோட்டங்களுக்குள் நாய்களோடு நுழைந்து பல்லாயிரம் பேரைக் கைதுசெய்தார்கள். அதை நிறுத்தும்படி ஐ.நா.வின் மனித உரிமை நிபுணர்கள் அடுத்த மாதமே கேட்டார்கள்.

இப்போது நம்முடைய நாட்டாமியை அப்படி ஒரு சோதனை நடக்கும் இரவில் வைத்துப் பாருங்கள். காற்சட்டைப் பையைத் துழாவிய கை தாளில் சுருட்டிய மாத்திரைகளை எடுக்கிறது. "இது என்ன?" என்ற கேள்விக்கு அவரிடம் இரண்டு பதில்கள்தான் உண்டு. ஒன்று பொய், அது அவரை ரிமாண்டுக்கு மருந்தில்லாமல் அனுப்பும். மற்றது உண்மை, அது முழு ஜீப்புக்கும், பிறகு முழு வார்டுக்கும் தெரியும். சிறைக்குள் மருந்தைக் கொண்டுபோக வழி இருந்தாலும், அந்த வழியின் முதல் படி வாய் திறந்து சொல்வதுதான். சில வாரம் மாத்திரை விட்டால் வைரஸ் மீண்டும் எழும். ஆறு மாதம் ஒருவர் கூட நடந்து சேர்த்ததை ஓர் இரவு அழித்துவிடும்.

மருந்து சுகாதார அமைச்சின் கையில் இருக்கிறது. போதை சிகிச்சை நிலையங்களை நடத்தும் அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அண்மை ஆண்டுகளில் பாதுகாப்பு சார்ந்த அமைச்சுகளின் கீழ் இருந்துவருகிறது. களனி கங்கைக்கு இந்தப் பக்கம் கம்பஹா மாவட்டம், அந்தப் பக்கம் கொழும்பு. மருந்தை ராகமையில் எடுக்கலாம், டி சேரம் பிளேஸ் மத்திய கிளினிக்கிலும் அங்கொடையிலும் எடுக்கலாம்; போதை சிகிச்சைக்குத் தலங்கமைக்கோ நிட்டம்புவைக்கோ போக வேண்டும். ஒரே உடம்பு, ஐந்து வாசல்கள், ஒன்றுக்கொன்று பேசாத பதிவேடுகள். நாடு தழுவிய மெத்தடோன் திட்டம் ஒன்றும் இல்லை. கீவ், ஜகார்த்தா முடிவை உயர்த்திய அந்தத் திறந்த கதவு இங்கே சுவராக இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: வேண்டும், ஆனால் இப்போது பேசப்படும் வடிவில் வேண்டாம். ஆறு மாதமோ ஓராண்டோ ஓடும் திட்டமாக, கிளினிக் வருகையை எண்ணும் பதிவேட்டோடு, பொலிஸுக்கோ புனர்வாழ்வுப் பணியகத்துக்கோ பதில் சொல்லும் உத்தியோகத்தரை நியமிப்பதானால் அதைச் செய்யாமல் இருப்பதே மேல். அவரை நம்பி வாய் திறந்தவர் அதன் விலையைக் கந்தக்காட்டில் கொடுக்க நேரும். சுகாதார அமைச்சின் கீழ், கிளினிக்கின் நிரந்தர ஊழியராக, தொற்றோடு வாழ்பவர்களிலிருந்தும் போதையை அறிந்தவர்களிலிருந்தும் எடுக்கப்பட்டு, தமிழும் சிங்களமும் பேசி, கால எல்லை இல்லாமல் கூட நிற்பவரானால் உடனே தொடங்க வேண்டும். அவர் கையில் இரண்டு அதிகாரங்கள் இருக்க வேண்டும். கைதான ஆளின் மருந்தை, நோயின் பெயர் சொல்லாமல், சிறை டொக்டரிடம் நேராகச் சேர்ப்பது ஒன்று. ஆற்றின் இரு பக்கத்து எந்தக் கிளினிக்கிலும் அந்த மாத மருந்தை எடுத்துக் கொடுப்பது மற்றது. மெத்தடோனைக் கொண்டுவரும் வாதத்தை இதோடு சேர்த்தே நடத்த வேண்டும். இது வந்த பிறகு அது என்று தள்ளிப்போட்டால் இது தோற்கும், தோற்றபின் அதற்கும் ஆள் இருக்காது.

மெத்தடோன் வராமல் தொடங்குவது பயனா என்று என்னையே நான் பலமுறை கேட்டுக்கொண்டேன். குடுவை விட வைக்க முடியாமல் போகலாம். ஆனால் குடு அடித்துக்கொண்டே மாத்திரையைத் தவறாமல் போடுபவர்கள் இருக்கிறார்கள். போதையை விட்டால்தான் மருந்து என்று நிபந்தனை போடும் பழக்கம் மருத்துவத்தில் எங்கிருந்து வந்ததோ, அதை இந்த ஊரில் முதலில் கைவிட வேண்டும். கிளினிக் நேரத்துக்கு அவரை எழுப்பிக் கொண்டுவருவதைவிட, விடிகாலை ஐந்தரைக்குச் சந்தை வாசல் தேநீர்க் கடையில், குலுங்காத, தண்ணீர் புகாத சிறிய டப்பியோடு போய் நிற்பது பலிக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு அளவு. ஓராண்டில் எத்தனை பேரைச் சந்தித்தோம் என்று எழுத வேண்டாம். தொடங்கியபோது பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் 12ஆம் மாதத்திலும் 24ஆம் மாதத்திலும் வைரஸ் எவ்வளவு என்று எழுத வேண்டும். ரிமாண்டில் இருப்பவர், கந்தக்காட்டுக்குப் போனவர், ஊரை விட்டு மறைந்தவர் எல்லோரும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். வராதவரை நீக்கிவிட்டு மிச்சத்தில் சதவீதம் போடக் கூடாது.  ஹோப் ஆய்வு தன் 801 பேரில் இறந்தவர்களைக்கூடக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை.